வடைச்சட்டி எண்ணெயும் வட்ட நத்தையும்

ஒரு போகத்தில் நடந்தவை, வரிசையாக:

1. அறுப்பு முடிந்த பெரியப்பா வயலில் சாணி உரத்துக்காக மலைமாட்டு மந்தை கிடை அமர்ந்தது.
2. மாடுகள் கிளம்பிய அன்று மாலையே பெரியப்பா மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டார்.
3. உழவு, நடவு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
4. களையெடுப்பில் மதினியின் கால்கள் தடித்தன. கூட இறங்கிய மற்ற பெண்களுக்கு ஒன்றுமில்லை.
5. பெரியப்பா டீக்கடையிலிருந்து வடை சுட்ட எண்ணெய் ஒரு கேன் வாங்கிவந்து, காலில் தடவிக்கொண்டு இறங்கச் சொன்னார்.
6. தடவிக்கொண்டு இறங்கினாள். தடிப்பு கூடியது.
7. கம்பம் டவுனில் ஒரு கிளினிக்கில் சொறி மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.
8. களையாட்கள் போகும் ஆட்டோவில் மதினி ஏறக்கூடாது என்று முடிவானது.

ஊரில் எட்டாவதைப் பற்றி மட்டுமே பேசினார்கள். விசேஷ வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் பேசினார்கள். முதல் இரண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அவை பெரியப்பா செய்தவை. எங்கள் காமயகவுண்டன்பட்டியில் வயல் வைத்திருப்பவர் செய்வதற்கு விவசாயம் என்று பெயர். வயலில் இறங்குபவருக்கு வருவதற்கு வியாதி என்று பெயர்.

நான் விலங்கியல் படித்தவள். மதுரையில் ஒரு ஆய்வகத்தில் புழுவுக்கும் நத்தைக்கும் இடையே தண்ணீர் வழியாக நடக்கும் வேதிப் பேச்சை ஆராயும் வேலையில் இருந்தேன். அந்தத் திட்டம் முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் வீட்டில் இருந்தேன். எங்கள் பேராசிரியர் புழுவின் அறிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். அவர் குளத்தில் கையை விட்டு ஒரு நத்தையை எடுத்து நான் பார்த்ததில்லை. நத்தைகளை எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனது நான்தான். கண்டக்டர் ஒருமுறை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "கொழம்புக்கு இது ரொம்பச் சிறுசுத்தா" என்றார். அந்தத் திட்டத்தைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மதினி எங்கள் தெருவிலேயே எதிர்வீடு. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம், எனக்கு மதினி முறை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். புருஷன் இல்லை, மகளைத் தேவாரம் ஊரில் கட்டிக்கொடுத்தாயிற்று. நடவும் களையும்தான் அவளுக்குத் தெரிந்த வேலை. சிறு பிள்ளையிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் சேற்றில் நின்றவள். களையெடுப்பில் அவளுக்கு முன்னால் யாரும் வரப்பு ஏற மாட்டார்கள். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

அவள் கால்களை நான் முதலில் பார்த்தது, வாசலில் உட்கார்ந்து பழந்துணியால் கெண்டைக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. முழங்காலுக்குக் கீழே, சரியாகத் தண்ணீர் மட்டம் இருந்த இடம் வரைக்கும், சிவப்பாகத் தனித்தனிப் புள்ளிகள். சில புள்ளிகளின் தலையில் கொப்புளம். அதற்கு மேலே ஒன்றுமில்லை. யாரோ கோடு போட்டு நிறுத்தியதுபோல நின்றிருந்தது.

"என்ன மதினி எண்ணெ வாசம்?"

"வடை வாசம்த்தா. ஒங்க பெரியப்பா குடுத்தாக. எண்ணெ தடவுனா தண்ணி ஒட்டாதாம். நேத்து வயக்காட்டுலருந்து வாரேன், ரெண்டு நாயி பின்னாடியே வருது. என்னையப் பாத்தா, காலப் பாத்தான்னு தெரியல."

"அரிப்பு கொறஞ்சிச்சா?"

"கொறையவா? ராத்திரி பூரா சொறிஞ்சு, பாய்ல ரத்தம். அந்தத் தெராட்சத் தோட்டத்து மருந்துத் தண்ணி வாய்க்கால்ல எறங்குது, அதான்."

திராட்சைத் தோட்டத்து மருந்து இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மருந்தாக இருந்தால் ஒரே பரப்பாக எரியும், இப்படி எண்ணிவிடக்கூடிய புள்ளிகளாக வராது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசல் வழியாகவும் ஒரு புழு உள்ளே போயிருக்கிறது.

அந்தப் புழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு அதன்மேல் மரியாதை எதுவும் கிடையாது.

வளர்ந்த புழு மாட்டின் குடலைச் சுற்றிய ரத்தக் குழாய்களில் ஆணும் பெண்ணுமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. முட்டை சாணியோடு வெளியே வருகிறது. சாணி காய்ந்துபோனால் முட்டை செத்தது. ஈரம் காய்வதற்குள் நல்ல தண்ணீர் பட்டால் முட்டை வெடித்து, உடம்பெல்லாம் நுண்மயிரோடு ஒரு லார்வா நீந்தி வெளியே வருகிறது. அது எதையும் தின்பதில்லை. கொண்டுவந்த சேமிப்பு தீர்வதற்குள், அதாவது சில மணி நேரத்துக்குள், அதற்கு ஒரு நத்தை கிடைத்தாக வேண்டும். எந்த நத்தையும் உதவாது. அதற்கென்று உள்ள நத்தை வேண்டும். எங்கள் வயல்களில் அது கிடாக்கொம்பு மாதிரி தட்டையாகச் சுருண்டிருக்கும் வட்ட நத்தை.

நத்தை ஊர்ந்த இடமெல்லாம் சளி. அந்தச் சளியிலிருந்து சர்க்கரை கோத்த புரதங்கள் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். நத்தை ஊறிய தண்ணீருக்குள் வந்ததும் லார்வா நேராக நீந்துவதை விட்டுவிட்டு வளைந்து திரும்பத் தொடங்கும். மணம் குறையும் பக்கம் போய்விட்டால் உடனே மடங்கித் திரும்பி வரும். இதை அறிவு என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். இரும்புத்தூள் காந்தத்தின் பக்கம் போவதை யாரும் அறிவு என்று சொல்வதில்லை.

உள்ளே புகுந்தபின் நடப்பது இன்னும் அசிங்கம். நத்தையின் ரத்தத்தில் வேற்றாளைச் சுற்றிவளைத்துக் கொல்லும் செல்கள் உண்டு. புழு வெளியிடும் பொருட்கள் அந்தச் செல்களை மந்தமாக்குகின்றன. பிறகு நத்தை முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. அதன் உடம்பு தன் குஞ்சுக்கு ஒதுக்கிய சத்தையெல்லாம் புழுவின் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது. நத்தை சாவதில்லை. பாசி தின்கிறது, ஊர்கிறது, ஆரோக்கியமாக இருப்பதுபோலவே இருக்கிறது. ஆனால் அது தனக்காக எதையும் செய்வதில்லை. இப்படி வாழ்பவர்களை எங்கள் ஊரில் பொறுமைசாலி என்பார்கள்.

ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆனதும், வெயில் ஏறும் நேரத்தில் நத்தையிலிருந்து கவட்டை வால் கொண்ட சிறு புழுக்கள் கூட்டமாக வெளியே வருகின்றன. இவற்றுக்கு மாட்டின் தோல் வேண்டும். தோலை இவை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்றால் சூட்டால், அதைவிடத் தோலின் மேலிருக்கும் கொழுப்பு அமிலங்களால். குறிப்பாகச் சில அமிலங்கள் பட்டவுடன் வாலைக் கழற்றிவிட்டு, தோலைக் கரைக்கும் நொதியைக் கக்கிக்கொண்டு உள்ளே போகின்றன. மனிதக் காலுக்கும் மாட்டுக் காலுக்கும் இவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. மனிதத் தோலுக்குள் வந்த புழு அங்கேயே செத்துப்போகும். வளர முடியாது, முட்டையிட முடியாது, இன்னொருவருக்குப் பரவ முடியாது. விலாசம் தப்பி வந்து செத்த புழுவோடு நம் உடம்பு போடும் சண்டைதான் அரிப்பு.

வடை சுட்ட எண்ணெய் என்பது திரும்பத் திரும்பக் கொதித்து உடைந்த எண்ணெய். கொழுப்பு அமிலங்கள் பிரிந்து நிற்கும் எண்ணெய். பெரியப்பா தண்ணீர் ஒட்டக்கூடாது என்று தேடிப்பிடித்த மருந்து, அநேகமாகப் புழுவுக்கு வைத்த வெற்றிலை பாக்கு.

அநேகமாக என்றுதான் எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் மாதிரி பார்க்காமலே முடிவு கட்டும் பழக்கம் எனக்கில்லை. வயலின் கீழ்மூலையில் மடைக்குப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து வட்ட நத்தைகளை எடுத்துவந்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனி டம்ளரில் விட்டு மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். அம்மா, "அந்த டம்ளர்ல இனி யாருக்குத்தா காப்பி ஊத்துறது?" என்றாள். பெரியப்பாவுக்கு என்றேன். அம்மா அதைக் கேட்காததுபோல இறங்கிப்போனாள்.

பாதி நத்தைகளில் ஒன்றுமில்லை. மற்றவற்றின் தண்ணீர் வெயில் ஏற ஏற லேசாகக் கலங்கியது. என்னிடம் படிக்கும் காலத்தில் பழையதாக வாங்கிய ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன். கவட்டை வால்.

பிறகு நான்கு கண்ணாடிக் கிண்ணங்களில் புழுக்களை விட்டேன். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்ற மூன்றில் ஓரத்தில் லேசாகத் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், பெரியப்பாவின் கேனிலிருந்து எடுத்த வடையெண்ணெய். வெறும் தண்ணீரில் புழுக்கள் மேலே போவதும் கீழே தொங்குவதுமாக இருந்தன. தேங்காயெண்ணெயில் பெரிய மாற்றமில்லை. வேப்பெண்ணெய்ப் பக்கம் போனவை சுருண்டன. அது விஷத்தாலா வேறு எதனாலா என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. வடையெண்ணெய்க் கிண்ணத்தில் புழுக்கள் ஓரத்தில் ஈயாக மொய்த்தன. வால்கள் தனியே கழன்று துடித்தன. மறுநாள் வேறு நத்தைகளை வைத்துத் திரும்பச் செய்தேன். அதேதான். கிண்ணம் கால் ஆகாது. ஆனாலும் இதைப் பார்த்தபின் அந்த எண்ணெயைக் காலில் தடவிக்கொள்பவர் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடி, கையை முட்டியில் ஊன்றிக் குனிந்து பார்த்தாள்.

"அடி சண்டாளி. வால வேற ஆட்டுது. இதா என் காலுக்குள்ள போச்சு?"

"ஆமா மதினி. ஆனா உள்ள போனதும் செத்துரும்."

"செத்துட்டா ஏன் அரிக்குது?"

"செத்ததாலதான் அரிக்குது."

"உசுரோட இருந்தும் பிரயோசனம் இல்ல, செத்தும் நிம்மதி இல்ல. எங்க வீட்டுக்காரரு மாதிரி" என்றாள். சிரித்தபடியே காலைச் சொறிந்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இத ஒங்க பெரியப்பாகிட்டக் காட்டு. எனக்கு ஆட்டோவுல எடம் வேணும்த்தா" என்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆட்டோ விஷயம் இப்படி நடந்தது. கம்பத்து கிளினிக்கில் டாக்டர் அவள் காலைத் தொடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, சொறிப் பூச்சி என்று சொல்லி ஒரு குப்பி மருந்து எழுதினார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பூசிக்கொள்ள வேண்டும், துணிமணியைக் கொதிக்கும் நீரில் போட வேண்டும் என்றார். கூடப் போயிருந்த பெண் இதைக் கேட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் மதினியின் வியாதி ஒட்டுவாரொட்டி என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மதினி வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை என்பதை அந்த டாக்டர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் லோடு ஆட்டோ நின்றது. களையாட்களை வயலுக்கு ஏற்றிப்போகும் ஆட்டோ. நான் கம்பத்துக்கு பஸ் ஏற நின்றிருந்தேன். மதினி தூக்குவாளியை உள்ளே வைத்துவிட்டுக் காலைத் தூக்கினாள்.

"அக்கா, நீங்க இன்னைக்கு வீட்டுல இருங்களேன்" என்றாள் உள்ளே இருந்த ஒரு பெண். தேவாரம் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள்.

"வீட்டுல இருந்தா நீ வந்து சோறு போடுவியா?"

"அதுக்கில்லக்கா. கைப்புள்ள இருக்கு எனக்கு."

"ஒம் புள்ளயவா நான் தூக்கி என் கால்ல வச்சுக்கப் போறேன்?"

அதற்குள் இன்னொருத்தி தூக்குவாளியை, பிடியைத் தொடாமல் முந்தானையால் பிடித்து, வெளியே எடுத்து வைத்துவிட்டாள். டிரைவர் எல்லோரும் ஏறியாச்சா என்று திரும்பிப் பார்த்தான். மதினி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை.

அன்று நான் கம்பத்துக்குப் போகவில்லை. மதினியைக் கூப்பிட்டுப் புழுவைக் காட்டியது அன்றுதான். காட்டிய கையோடு மைக்ராஸ்கோப்பைத் துணியில் சுற்றிப் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார் என்று சொல்ல வேண்டும். கேட்பது அவருக்குக் கஷ்டமில்லை. கேட்டதால் எதையும் மாற்ற வேண்டியிராது என்று தெரிந்தவர்கள் நன்றாகவே கேட்பார்கள்.

"பெரியப்பா, கிடை எடுத்த அன்னைக்கே தண்ணி விட்டீங்கள்ல? சாணி காயல. ஒரு பத்து நாள் காய விட்டிருந்தா முட்டை செத்திருக்கும்."

"காய விட்டா சத்து ஆவியாப் போயிரும்த்தா. மூத்திரம் மண்ணுல எறங்குறதுக்குள்ள தண்ணி பாய்ச்சணும். ஒங்க காலேஜுல அதச் சொல்லித் தரலியா?"

இதில் பாதி உண்மை. சாணி வெயிலில் கிடந்தால் தழைச்சத்து காற்றில் போகும்தான். அவர் பயிருக்குச் செய்தது சரி. அந்தப் பயிரில் குனிந்து நிற்கப்போகிற கால்களை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. தவறு என்று சொன்னால் பயிரின் பக்கத்தைக் காட்டுவார்.

"சரி, உன் பேச்சுக்கே வாரேன். தண்ணியிலதான் பூச்சின்னா எல்லாருக்கும்ல அரிக்கணும்? ஆறு பேரு எறங்குனாக. அஞ்சு பேருக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு மட்டும் இருக்கு. அப்ப வயல்ல கோளாறா, அவ கிட்டக் கோளாறா?"

பெரியப்பாவின் வாதங்களிலேயே இது சிறந்தது. ஊர் முழுவதையும் மடக்கியது இதுதான்.

பதில் எளிமையானது. புழு முதல்முறை தோலுக்குள் வரும்போது உடம்புக்கு அதைத் தெரியாது. லேசாகச் சுருக்கென்று குத்தி அடங்கிவிடும். பலமுறை வந்தபின் உடம்பு அடையாளம் கண்டுகொண்டு ஊரைக் கூட்டிச் சண்டைபோடும். மதினி சிறு வயதிலிருந்து சேற்றில் நின்றவள். மற்ற ஐந்து பேரும் தேவாரம் பக்கத்து மானாவாரிக் காட்டில் சோளத்துக்கும் கடலைக்கும் களை எடுத்துவிட்டு இப்போதுதான் நஞ்சைக்கு வந்தவர்கள். அதிகம் தடித்த கால் வியாதிக்காரி கால் இல்லை, அதிகம் உழைத்த கால். இதை நான் பொறுமையாகச் சொன்னேன்.

"அப்ப அடுத்த போகத்துல இவுகளுக்கும் வரும்ங்கிற?"

"வரும்."

"வரட்டும், பாப்போம்."

மைக்ராஸ்கோப்பைத் திறந்து வைத்தேன். பார்க்க மறுத்துவிட்டார். "கண்ணாடி பவர் மாறிருக்குத்தா" என்றார். பக்கத்தில் பத்திரிகை மடித்துக் கிடந்தது. நான் வருவதற்கு முன்பு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன அத்தனையிலும் அவர் காதில் நின்றது நத்தை என்ற ஒரு சொல். மறுநாள் மோட்டார் ரூமில் இருந்த வேலையாளைப் பார்த்து, "ஏலே, தோட்டத்துல மிச்சம் கெடக்குற மயில்துத்தத்த எடு" என்று சத்தம் போட்டார். தன் திராட்சைத் தோட்டத்துக்கு அடிக்க வாங்கிய தாமிரத் துத்தம். மூட்டையின் மிச்சத்தை அப்படியே மடைப் பள்ளத்தில் கொட்டச் சொன்னார். துத்தத்துக்கு நத்தை சாகும் என்பது உண்மைதான். அந்தப் பள்ளத்தில் இருந்த நத்தை செத்தது. கெண்டைக் குஞ்சும் செத்தது. தவளையும் செத்து வெள்ளை வயிறோடு மிதந்தது. மேலே வாய்க்கால் நெடுக இருந்த நத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது அவை சாவகாசமாகக் கீழே வந்தன. பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார், பிள்ளை படித்த படிப்பைத் தான் செயலில் காட்டிவிட்டதாக.

அந்தப் போகம் முழுவதும் மதினிக்கு வேலை இல்லை. அம்மா குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்குப் போகும். மதினி கிண்ணத்தைக் கழுவி, எப்போதும் அதில் ஏதாவது போட்டுத்தான் திருப்பித் தருவாள். கொல்லையில் பறித்த நாலு பச்சைமிளகாய், ஒரு கை கறிவேப்பிலை. கால் ஆறிவிட்டது. தண்ணீரில் இறங்காதவருக்கு அது தானாக ஆறும். அதை ஊரில் கிளினிக் மருந்தின் வெற்றி என்று சொன்னார்கள். மருந்தின் வெற்றி என்றால் வியாதி போய்விட்டதாகத்தானே அர்த்தம், ஏன் ஆட்டோவில் ஏற்றவில்லை என்று நான் ஒருத்தியிடம் கேட்டேன். "இருந்தாலும்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு எந்த ஆய்வகத்திலும் மாற்று மருந்து கிடையாது.

இரண்டாம் போகம் வந்தது. இந்த முறையும் கிடை கிளம்பிய அன்றே பெரியப்பா மடையைத் திறந்தார். களையெடுப்பும் வந்தது. மதினி வயலில் இல்லை. அந்த ஐந்து பேரும் இறங்கினார்கள். இரண்டாம் நாளே மூன்று பேருக்கு முழங்காலுக்குக் கீழே சிவந்துவிட்டது. கைப்பிள்ளைக்காரிக்குத்தான் அதிகம்.

நான் சொன்னது நடந்தது. எனக்கு அதில் சந்தோஷமே இருந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். கணிப்பு பலித்தால் எந்த ஆய்வாளருக்கும் சந்தோஷம் வரும். இனி மதினியைக் கூப்பிட வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். இங்கேதான் நான் என் ஊரைக் குறைவாக எடைபோட்டிருந்தேன்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு மைக்ராஸ்கோப்பையும் ஒரு டம்ளர் நத்தைத் தண்ணீரையும் எடுத்துப்போனேன். டீக்கடை பெஞ்சில் வைத்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தார்கள். முகம் சுளித்தார்கள். ஒருத்தி துப்பினாள்.

கைப்பிள்ளைக்காரி நிமிர்ந்து, "இந்தப் பூச்சி அந்தக்கா கால்லருந்துதான எறங்கியிருக்கும்? போன போகத்துல அவுகதான எங்ககூட நின்னாக?" என்றாள்.

"இல்ல. மனுசக் கால்லருந்து இது எறங்காது. உள்ள போனா செத்துரும். மாட்டுச் சாணியிலருந்து நத்தைக்குப் போகுது. நத்தையிலருந்து ஒங்க காலுக்கு வருது."

"அப்ப நத்தைக்கு மட்டும் ஒட்டுதாக்கும், மனுசருக்கு ஒட்டாதாக்கும்?"

"ஆமா."

"மதுரையில படிச்சா எல்லாம் தெரிஞ்சிரும்" என்றாள் தூக்குவாளியை முந்தானையால் எடுத்துவைத்தவள். "அவ ஒட்டவச்சுட்டுப் போயிட்டா. நாம சொமக்கணும்."

டீக்கடைக்காரர் சிரித்தார். அவருடைய எண்ணெய்ச் சட்டி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரே ஒருத்தி, சின்னப் பெண், டம்ளரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "இது எப்பக்கா வெளிய வரும்?" என்று கேட்டாள். வெயில் ஏறினால்தான், விடியற்காலைத் தண்ணீரில் குறைவு என்றேன். "அப்ப வெள்ளனா எறங்கி வெரசா ஏறிறலாம்ல?" என்றாள். ஏறிவிடலாம் என்றேன். வடையெண்ணெய் மட்டும் வேண்டாம் என்றும் சொன்னேன். இந்த இரண்டையும் அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். தங்கள் காலைக் காப்பாற்றும் பாதி சரி. மதினியைக் காப்பாற்றும் பாதி மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

சாயங்காலம் மதினியிடம் சொன்னேன். ஒருமுறை நிறுத்தத்துக்கு வா, உன் கால் ஆறியிருப்பதை அவர்கள் பார்க்கட்டும், நீ இல்லாமலே அவர்களுக்கு வந்திருப்பதை நான் அவர்கள் முன்னாலேயே இன்னொரு தடவை சொல்கிறேன் என்றேன்.

"நான் போயி அங்கன நின்னு சீலயத் தூக்கிக் காலக் காட்டணுமாக்கும்? சந்தையில மாடு புடிக்கிறவுக பல்லப் பாக்குற மாதிரி?"

"அப்படி இல்ல மதினி."

"அப்படித்தான். நீ அந்த நத்தையக் காட்டு. அது காட்டுனா ஒண்ணும் நெனச்சுக்காது." பிறகு, என் முகம் கோணியதைப் பார்த்திருக்க வேண்டும், "நீ சொன்னது எனக்கு வெளங்குச்சுத்தா. வெளங்குன ஆளு ஒருத்தியாச்சும் இருக்கேன்ல" என்றாள்.

பெரியப்பா இப்போது என்னைப் பார்த்தால், "சொன்ன மாதிரியே வந்துருச்சேத்தா" என்கிறார், நான்தான் கொண்டுவந்து விட்டதுபோல. களையாட்கள் விடியுமுன் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறுவதை அவர் சோம்பேறித்தனம் என்கிறார். ஆள் கிடைக்காத காலம் என்பதால் அவர்களுக்குக் கேட்கும்படி சொல்வதில்லை.

இப்போதைய நிலை இது. மதினி காலையில் கம்பத்துக்குப் போய், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் கேரளா ஜீப்பில் மலை ஏறுகிறாள். இருட்டியபின் வருகிறாள். அங்கே சேறு இல்லை, அட்டை உண்டு. கெண்டைக்காலில் அரிப்பு இல்லை, கறுத்த தழும்புகள் இருக்கின்றன. ஏலப்பழம் பறிப்பதில் அவள் இன்னும் கடைசியாகத்தான் வருகிறாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்க் களையாட்களின் ஆட்டோவில் அவளை இன்றுவரை யாரும் ஏறச் சொல்லவில்லை.